சாய்ந்த சக்கரம்: கார் படம் எடுக்கக் கத்துக்கறவங்களுக்கு ஒரு நூறு வருஷக் கதை

மனுஷங்களைப் படம் எடுக்கறதை விட காரைப் படம் எடுக்கறது சுலபம்னுதான் ஆரம்பத்துல எல்லாரும் நினைப்போம். கார் கண்ணை மூடாது. "என்னோட இடது பக்கம்தான் நல்லா இருக்கும்"னு அடம் பிடிக்காது. நிறுத்தின இடத்துல நிக்கும். ஆனா புதுசா வண்டி வாங்கினவங்க ஆசையா எடுத்த படங்களைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. மூக்கு மட்டும் பூதாகரமா இருக்கும், பின்பக்கம் சூம்பிப் போயிருக்கும். கதவுல எதிர்வீட்டு கேட்டும் படம் எடுத்தவரோட லுங்கியும் தெளிவாத் தெரியும். கூரையில இருந்து ஒரு கரண்ட் கம்பம் முளைச்சிருக்கும். ஓடற வண்டியை எடுத்திருந்தா அது ஓடற மாதிரியே இருக்காது. நேர்ல அவ்வளவு லட்சணமா இருந்த வண்டிக்குப் படத்துல என்ன ஆச்சு?

இந்தத் தொல்லை எதுவும் உங்க கேமராவோட கோளாறு இல்லைங்க. காரும் கேமராவும் முதல்முதலா சந்திச்ச காலத்துல இருந்தே இருக்கிற தொல்லைகள் இவை. ஒவ்வொண்ணுக்கும் யாரோ ஒருத்தர் மல்லுக்கட்டி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. அந்தக் கதைகளைத் தெரிஞ்சுக்கிட்டா வித்தையும் கூடவே வந்துடும். "ஷட்டரை இத்தனையில வை, அபர்ச்சரை அத்தனையில வை"ன்னு மனப்பாடம் பண்றதை விட இது எனக்குப் பிடிச்ச வழி. அதனால இந்தப் பதிவு பாதி சரித்திரம், பாதி பாடம்.

ஒரு பையனும் ஒரு சாய்ஞ்ச சக்கரமும்

1894-ஆம் வருஷம் ஜூலை மாசம் பிரான்ஸ்ல பாரிஸ்ல இருந்து ரூவான் வரைக்கும் மோட்டார் வண்டிகளுக்கு ஒரு போட்டி நடந்தது. கார் பந்தயத்தோட சரித்திரத்தை நிறைய பேர் அதுல இருந்துதான் தொடங்குவாங்க. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, ஜூன் 13-ஆம் தேதி, அதே பிரான்ஸ்ல ஒரு பணக்கார வீட்டுல ழாக் ஆன்ரி லார்டீக்னு ஒரு குழந்தை பிறந்தது. கார் பந்தயமும் இவரும் கிட்டத்தட்ட ஒரே வயசு!

லார்டீக் சின்னப் பையனா இருக்கும்போதே அப்பா கேமரா வாங்கிக் கொடுத்துட்டார். பையன் விடுவானா? மாடிப்படியில இருந்து குதிக்கிற சொந்தக்காரங்க, பறக்கிற விமானம், ஓடற நாய், கார்னு அசையற எதையும் விட்டு வைக்கலை. அப்படி ஒரு நாள் கிராண்ட் பிரீ பந்தயத்துல, 6-ஆம் நம்பர் போட்ட ஒரு கார் எதிர்ல பாய்ஞ்சு போகும்போது கேமராவையும் அதோட சேர்த்துத் திருப்பிக்கிட்டே ஒரு படம் எடுத்தார்.

படத்துல காரோட முன்பாதி காணோம், சட்டத்துக்கு வெளியே ஓடிடுச்சு. பின்சக்கரம் வட்டமா இல்லாம முட்டை வடிவத்துல முன்பக்கமா சாய்ஞ்சிருக்கு. ரோட்டோரத்துல வேடிக்கை பார்க்கிற ஜனங்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கமா சாய்ஞ்சு நிக்கறாங்க, ஏதோ புயல்ல மாட்டின மாதிரி. லார்டீக் இதை சொதப்பல்னு நினைச்சு ஓரமாப் போட்டுட்டார்னு சொல்வாங்க. பல வருஷம் யாரும் அதைக் கண்டுக்கலை. 1963-ல நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துல ஜான் ஸார்கோவ்ஸ்கி லார்டீக்கோட படங்களைக் கண்காட்சியா வெச்சார். அப்போ லார்டீக்குக்கு 69 வயசு. அதே வருஷம் 'லைஃப்' பத்திரிகையும் அவர் படங்களைப் போட்டது. கென்னடி கொலை பத்தின இதழ் அது, வழக்கத்தை விட நிறைய பேர் கையில போய்ச் சேர்ந்தது. சொதப்பல்னு ஒதுக்கின படம் வேகத்தோட அடையாளமாவே ஆகிப் போச்சு.

இதுல இன்னொரு வேடிக்கை. அந்தப் படத்தை ரொம்ப நாளா "1912, தியெப் நகரம், டெலாஜ் கார்"னு குறிப்பு போட்டு அச்சடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பின்னால வந்த ஆராய்ச்சிக்காரங்க நம்பரையும் வண்டியோட அமைப்பையும் பழைய பந்தயப் பட்டியலோட ஒப்பிட்டுப் பார்த்து, இது 1913-ல அமியான்ல நடந்த பந்தயம், கார் ஷ்னைடர் கம்பெனியோடதுன்னு சொல்றாங்க. உலகத்துலயே பிரபலமான கார் படங்கள்ல ஒண்ணு, அதுல இருக்கிற கார் எதுன்னே பல வருஷம் தப்பாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம் :-)

சரி, சக்கரம் ஏன் சாய்ஞ்சது? அந்தக் காலத்துக் கேமராவுல கண்ணாடித் தகடு மேல படம் விழும். அதுக்கு முன்னால ஒரு கறுப்புத் திரை. திரையில நீளவாக்குல ஒரு கீறல் மாதிரி இடைவெளி. அந்த இடைவெளி தகட்டோட ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் நகரும். அதாவது படம் முழுசும் ஒரே நொடியில பதிவாகலை, துண்டு துண்டா, வரிசையா பதிவாகுது. லார்டீக் கேமராவுல சக்கரத்தோட அடிப்பாகம் முதல்ல பதிவாச்சு, மேல்பாகம் கொஞ்சம் தாமதமா. அந்த இடைவெளியில கார் முன்னாடி நகர்ந்துடுச்சு. அதனால சக்கரம் முன்னால சாய்ஞ்சது. ஜனங்க ஏன் எதிர்ப்பக்கம் சாய்ஞ்சாங்க? கேமரா கார் போற திசையில திரும்பிக்கிட்டு இருந்ததால, நிக்கிற ஆளுங்க கேமராவுக்குள்ள பின்னோக்கி நகர்ந்தாங்க. ஒரே காரணம், ரெண்டு திசை.

இப்போ உங்க கையில இருக்கிற போனை எடுங்க. அதுக்குள்ள இருக்கிற சென்சாரும் பெரும்பாலும் இதே மாதிரிதான், வரி வரியா படிக்குது. வேகமாப் போற கார், ரயில் ஜன்னல்ல இருந்து எடுத்த கம்பம், விமானத்தோட காத்தாடி எல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு வர்றது அதனாலதான். சாயற திசை போனைப் பொறுத்து, நீங்க பிடிச்சிருக்கிற வாட்டத்தைப் பொறுத்து மாறலாம். சங்கதி ஒண்ணுதான். நூறு வருஷம் கழிச்சும் லார்டீக்கோட சக்கரம் நம்ம பாக்கெட்டுல உருண்டுக்கிட்டு இருக்கு.

கூடவே திரும்பறது

லார்டீக் பண்ணின "காரோட சேர்ந்து திரும்பறது" பின்னால ஒரு தனி வித்தையாவே வளர்ந்தது. பேனிங்னு சொல்வாங்க. கொஞ்சம் கணக்குப் போட்டா ஏன் இது தேவைன்னு புரியும்.

ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர்ல போகுதுன்னு வைங்க. ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 16.7 மீட்டர். ஷட்டர் 1/1000 நொடி திறந்தா அந்த நேரத்துல கார் 1.7 சென்டிமீட்டர் தான் நகரும். படம் தெளிவா வரும். ஆனா சக்கரமும் 3 டிகிரி தான் சுத்தியிருக்கும். ஆரக்கால் ஒவ்வொண்ணும் எண்ணற மாதிரி உறைஞ்சு போயிருக்கும். பார்க்கிறவங்களுக்கு அது நடுரோட்டுல நிறுத்தி வெச்ச கார்! அதையே 1/60-ல எடுத்தா கார் 28 சென்டிமீட்டர் நகரும், சக்கரம் 50 டிகிரிக்கு மேல சுத்தும். சக்கரம் சுழல்றது தெரியும், ஆனா கேமரா அசையாம இருந்தா காரும் சேர்ந்து கலைஞ்சு போயிடும். அதனால காரோட வேகத்துக்குச் சமமா கேமராவைத் திருப்பணும். கார் கூர்மையா நிக்கும், பின்னணி கோடு கோடா ஓடும்.

செய்யற விதம் இதுதான். ரோட்டுக்கு நேர் குறுக்கா நில்லுங்க. கார் உங்களுக்கு எதிர்ல எங்க வரும்னு ஒரு இடத்தைக் குறிச்சுக்கிட்டு அங்க ஃபோகஸ் வைங்க. பாதம் ரெண்டும் அந்த இடத்தைப் பார்த்து இருக்கட்டும். இடுப்பை மட்டும் திருப்பி, தூரத்துல வர்ற காரைப் பிடிங்க. அங்க இருந்தே அதோட சேர்ந்து திரும்பிக்கிட்டே வந்து, குறிச்ச இடத்துல அமுக்குங்க. அமுக்கின உடனே நிறுத்தாதீங்க, கார் போற வரைக்கும் திரும்பிக்கிட்டே இருங்க. கிரிக்கெட்ல ஷாட் அடிச்சப்புறமும் பேட் சுத்தி முடியுது இல்லையா, அந்த மாதிரி. முதல்ல 1/125, கை வசமானதும் 1/60, அப்புறம் 1/30. நிறைய படம் வீணாப் போகும். போகட்டும், இப்போ ஃபிலிம் செலவா என்ன?

இந்த வித்தையில பேர் வாங்கினவர் லூயி க்ளெமன்டாஸ்கி. 1912-ல சீனாவுல ஹார்பின் நகரத்துல பிறந்து, இங்கிலாந்துல வாழ்ந்தவர். பேனிங் மட்டுமில்லை, இவர் இன்னும் ஒரு படி மேல போனார். ரோட்டோரத்துல நின்னு கார் எதிர்ல வரும்போது எடுக்கிறதுக்குப் பதிலா, பந்தயக் காருக்குள்ளேயே ஏறி உக்கார்ந்துட்டார். இத்தாலியில மில்லே மிலியான்னு ஒரு பந்தயம். பிரேஷியாவுல கிளம்பி ரோம் வரைக்கும் போய்த் திரும்பணும், சுமார் ஆயிரம் மைல், எல்லாம் சாதாரண ஊர் ரோடுகள். 1956-ல பீட்டர் காலின்ஸ் ஓட்டின ஃபெராரியில க்ளெமன்டாஸ்கி வழிகாட்டியாப் போனார், இரண்டாம் இடம் வந்தாங்க. 1957-லயும் போனாங்க, முன்னணியில இருக்கும்போது வண்டி பழுதாகி பாதியில நின்னுடுச்சு. காருக்குள்ள இருந்து அவர் எடுத்த படங்கள்ல ஓட்டுநரோட தோள், ஸ்டீயரிங், எதிர்ல விரியற ரோடு எல்லாம் இருக்கும். வெளியில நிக்கிறவங்களுக்கு அது கிடைக்காது.

அந்த 1957 பந்தயத்தைப் பத்தி இன்னொண்ணும் சொல்லணும். மே 12-ஆம் தேதி, குய்திட்ஸோலோ கிராமத்துக்குப் பக்கத்துல அல்ஃபோன்ஸோ டி போர்தாகோ ஓட்டின ஃபெராரியோட டயர் போய், கார் ரோட்டோரத்துக் கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சது. அவரும் கூட இருந்த எட்மண்ட் நெல்சனும் செத்தாங்க. வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்த 9 பேரும் செத்தாங்க, அதுல 5 பேர் குழந்தைங்க. பொது ரோட்டுல வேகத்துக்காக நடந்த மில்லே மிலியா அதோட முடிஞ்சது.

இதை ஏன் கார் படப் பதிவுல சொல்றேன்னா, ரோட்டோரம் நின்னு வ்யூ ஃபைண்டருக்குள்ள பார்க்கிறவங்களுக்கு கார் எவ்வளவு கிட்ட இருக்குன்னு தெரியாது. சட்டத்துக்குள்ள அது சின்னப் பொம்மை மாதிரி இருக்கும். தடுப்புக்குப் பின்னால நில்லுங்க, வளைவோட வெளிப்பக்கம் நிக்காதீங்க, காருக்கு வெளியே உடம்பை நீட்டி எடுக்கற வேலையே வேண்டாம். எந்தப் படமும் அதுக்கு ஈடில்லை.

கார்ங்கிறது ஒரு கண்ணாடி

ஓடற காரை விடுங்க, நிக்கிற கார் ஏன் சரியா வரலை? இதுக்கு ஒரே ஒரு பதில்தான், ஆனா அது புரிய எல்லாருக்கும் நாளாகும். நாம பார்க்கிறது காரோட நிறத்தை மட்டும் இல்லை. கார் மேல தெரியற ஊரையும் சேர்த்துத்தான்.

வீட்டுல ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்து முதுகுப் பக்கம் பாருங்க. மொத்த ரூமும் அதுக்குள்ள இருக்கும். காரும் அப்படித்தான், அங்கங்க வளைஞ்ச பெரிய கண்ணாடி. பானெட்டுல வானம், கதவோட மேல்பாதியில தொடுவானம், கீழ்பாதியில தரை. நேர்ல பார்க்கும்போது ரெண்டு கண்ணும் தலையை அசைச்சு அசைச்சுப் பார்த்து "இது நிழல், இது கார்"னு பிரிச்சுடும். கேமராவுக்கு அது தெரியாது. எல்லாத்தையும் ஒரே தட்டையாக் காட்டிடும்.

இதோட நேரடியா மோதினவங்க அமெரிக்காவுல டெட்ராய்ட் நகரத்து விளம்பர ஸ்டூடியோக்காரங்க. கார் கம்பெனிகள் எல்லாம் அங்கதானே. 1950-கள்ல ஜிம்மி நார்த்மோரும் மிக்கி மக்குவயரும் நடத்தின புல்வர்டு போட்டோகிராஃபிக் அதுல பேர் பெற்ற ஒண்ணு. இந்த மாதிரி ஸ்டூடியோக்கள்ல கார் மேல நேரா லைட் அடிக்கறதை விட, காரைச் சுத்தி இருக்கிறதுக்கு லைட் அடிக்கறதுதான் முக்கியமான வேலை. காருக்கு மேல பெரிய வெள்ளைப் பரப்பு ஒண்ணைத் தொங்கவிட்டு அதுல வெளிச்சத்தைப் பாய்ச்சுவாங்க. அந்த வெள்ளை, காரோட உடம்புல நீளமான ஒரு ஒளிக்கோடா வழியும். அந்தக் கோடு எங்க வளையுதோ அங்க காரோட வடிவம் நமக்குப் புரியும். கேமராவும் ஆளும் பிரதிபலிக்காம இருக்க எல்லாத்தையும் கறுப்புத் துணியால மறைப்பாங்க.

நமக்கு ஸ்டூடியோ எதுக்கு? வானம்தான் இருக்கே! மேகமூட்டமான நாள் அந்த வெள்ளைப் பரப்பை இலவசமா விரிச்சு வெச்ச மாதிரி. அதை விட நல்லது சூரியன் மறைஞ்ச அப்புறம் வர்ற பதினைஞ்சு இருபது நிமிஷம். வானம் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சமா, இன்னொரு பக்கம் இருட்டா இருக்கும். காரை அந்த வெளிச்சப் பக்கத்துக்கு வாட்டமா நிறுத்தினா, முதுகுல ஒரு ஒளிக்கோடு தானா விழும். வெளிச்சம் கம்மியா இருக்கும், அதனால ட்ரைபாட் வேணும். இல்லைன்னா போனை எது மேலயாவது சாய்ச்சு வெச்சு டைமர் போடுங்க. உச்சி வெயில்ல எடுக்கிறது வீண். கூரையும் பானெட்டும் வெளுத்துப் போய், பக்கவாட்டு இருண்டு கிடக்கும்.

இடமும் முக்கியம். வீட்டு வாசல்ல எடுக்காதீங்க. வாசல்ல இருக்கிற கோலம், கேட்டு, பைக், தண்ணி டிரம் எல்லாம் கதவுல ஏறி உக்கார்ந்துக்கும். திறந்த மைதானம், ஏரிக்கரை, காலியான பார்க்கிங் மாதிரி சுத்திலும் ஒண்ணும் இல்லாத இடம் உத்தமம். போனதும் கேமராவை வெளியே எடுக்காதீங்க. காரைச் சுத்தி ஒரு ரவுண்டு நடங்க, காரைப் பார்க்காம அதுல தெரியற பிம்பத்தை மட்டும் பாருங்க. தொந்தரவா ஏதாவது தெரிஞ்சா காரைப் பத்தடி நகர்த்துங்க. இந்த ஒரு பழக்கம் புது லென்ஸை விடப் பெரிய வித்தியாசம் பண்ணும்.

ஹெட்லைட்டுக்குப் பிறந்த கண்ணாடி

பிரதிபலிப்பைக் குறைக்க இன்னொரு வழி போலரைசர் ஃபில்டர். இதோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா இது சுத்தி வளைச்சு காருக்கே வந்து சேருது.

1808-ல பாரிஸ்ல எத்தியென் லூயி மாலுஸ்னு ஒரு விஞ்ஞானி, தூரத்துல லக்ஸம்பர்க் அரண்மனை ஜன்னல்ல பட்டுத் தெறிச்ச மாலை வெயிலை ஒரு கால்சைட் படிகம் வழியாப் பார்த்தார். அந்தப் படிகம் எதையும் ரெண்டு ரெண்டாக் காட்டும். அதைத் திருப்பத் திருப்ப, ரெண்டு பிம்பத்தோட பிரகாசமும் மாறி மாறி ஏறி இறங்கிச்சு. கண்ணாடியில பட்டுத் திரும்பற ஒளி ஒரே வாட்டத்துல அதிருதுன்னு அப்படித்தான் தெரிஞ்சது. ஆனா படிகத்தை லென்ஸ் முன்னாடி மாட்ட முடியுமா? விலை அதிகம், அளவு சின்னது.

நூத்தி இருபது வருஷம் கழிச்சு அமெரிக்காவுல எட்வின் லாண்ட்னு ஒரு இளைஞர், ஹார்வர்டு படிப்பைப் பாதியில விட்டவர், அந்த வேலையைச் செய்யற மலிவான மெல்லிய தாளைக் கண்டுபிடிச்சார். 1929-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். பின்னால இவர்தான் போலராய்டு கம்பெனி தொடங்கினவர். அவர் மனசுல இருந்த பெரிய உபயோகம் என்ன தெரியுமா? ராத்திரியில எதிர்ல வர்ற காரோட ஹெட்லைட் கண்ணைக் கூசாம இருக்கணும்! எல்லாக் காரோட ஹெட்லைட்டுலயும் முன் கண்ணாடியிலயும் இந்தத் தாளைக் குறிப்பிட்ட வாட்டத்துல போட்டா, எதிர் வண்டி வெளிச்சம் வடிகட்டப்பட்டுடும், நம்ம வெளிச்சம் மட்டும் தெரியும். அருமையான யோசனை. பல வருஷம் கார் கம்பெனிகள் பின்னாடி அலைஞ்சார், யாரும் எடுத்துக்கலை. எல்லா வண்டியிலயும் இருந்தாத்தான் பலன், வெளிச்சமும் குறையும், செலவும் கூடும். தாள் கூலிங் கிளாஸுக்கும் கேமரா ஃபில்டருக்கும் போயிடுச்சு. ஹெட்லைட்டுக்குன்னு நினைச்ச பொருளை இன்னைக்கு நாம காரைப் படம் எடுக்கப் பயன்படுத்தறோம்.

உபயோகிக்கிற விதம்: லென்ஸ்ல மாட்டிட்டு மெதுவாத் திருப்பிக்கிட்டே பாருங்க. கார் கண்ணாடியை நேரா பார்த்தா ஒண்ணும் நடக்காது. கண்ணாடிப் பரப்புக்கு ஏறத்தாழ 35 டிகிரி சாய்வுல பார்க்கும்போதுதான் பிரதிபலிப்பு நல்லா மறையும். பெயின்ட்டுலயும் வேலை செய்யும். க்ரோம்ல, வெறும் உலோகத்துல செய்யாது. சில கார்ல பின் கண்ணாடியில புள்ளி புள்ளியா தெரிய ஆரம்பிக்கும், பயப்படாதீங்க, கண்ணாடியைச் சூடாக்கிக் குளிரவெச்சு உறுதியாக்கினப்போ விழுந்த தழும்பு அது. முக்கியமா, எல்லாப் பிரதிபலிப்பையும் துடைச்சு எடுத்துடாதீங்க. அந்த ஒளிக்கோடு போச்சுன்னா கார் களிமண்ணுல பிடிச்சு வெச்ச மாதிரி ஆயிடும்.

நீட்டி விட்டவங்களும், சின்னதாக் காட்டினவங்களும்

இத்தனை தூரம் "எப்படி நல்லாக் காட்டறது"ன்னு பேசினோம். எவ்வளவு நல்லாக் காட்டலாம்?

1959-ல இருந்து 1971 வரைக்கும் பான்டியாக் கார் விளம்பரங்களை ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக், வான் காஃப்மன்னு ரெண்டு ஓவியர்கள் வரைஞ்சாங்க. காரை ஃபிட்ஸ்பாட்ரிக், பின்னணியையும் மனுஷங்களையும் காஃப்மன். ஊர்ல எல்லாரும் போட்டோவுக்கு மாறின காலத்துலயும் பான்டியாக் ஓவியத்தை விடலை. காரணம், ஓவியத்துல காரை நிஜத்தை விட அகலமா காட்டலாம்! சக்கரங்களுக்கு நடுவுல அகலம் அதிகம்ங்கிறதுதான் அந்தக் காரோட விற்பனைப் பேச்சே. தூரிகை அதை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டது.

அதே வேலையை இப்போ போன் லென்ஸ் நமக்குத் தெரியாமலே எதிர்த்திசையில செய்யுது. போனோட சாதாரண லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. கிட்டப் போய் எடுத்தா பக்கத்துல இருக்கிற ஹெட்லைட் வீங்கும், பின்பக்கம் சுருங்கும். மருந்து ரொம்ப எளிது. எட்டு பத்து மீட்டர் பின்னால போய், போன்ல 2 மடங்கு, 3 மடங்கு லென்ஸ் இருந்தா அதை வெச்சு எடுங்க. கேமரான்னா 50-ல இருந்து 85 மில்லிமீட்டர். நின்னுக்கிட்டு எடுக்காதீங்க, முட்டி போட்டு ஹெட்லைட் உயரத்துக்கு இறங்குங்க. முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரியற கோணத்துல நில்லுங்க. முன்சக்கரத்தைத் திருப்பும்போது டயர் தெரியாம, வீலோட முகம் உங்களைப் பார்க்கிற மாதிரி திருப்புங்க. அமுக்கறதுக்கு முன்னாடி கூரைக்குப் பின்னால கம்பம், மரம் ஏதும் முளைச்சிருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

பான்டியாக் ஓவியங்கள் தொடங்கின அதே 1959-ல, நியூயார்க்ல டாயில் டேன் பெர்ன்பாக் விளம்பரக் கம்பெனி ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு வேலையை ஆரம்பிச்சது. ஹெல்முட் க்ரோன் வடிவமைப்பு, ஜூலியன் கோனிக் வாசகம். பக்கம் முழுக்க வெறும் வெள்ளை. ஒரு மூலையில சின்னூண்டு கார், கறுப்பு வெள்ளை போட்டோ. சின்னதா யோசிங்கன்னு தலைப்பு. கப்பல் மாதிரி கார் வித்த நாட்டுல சின்னக் காரை சின்னதாவே காட்டினாங்க! 1999-ல 'அட்வர்டைசிங் ஏஜ்' பத்திரிகை இருபதாம் நூற்றாண்டோட சிறந்த விளம்பர வரிசையில இதுக்குத்தான் முதல் இடம் கொடுத்தது.

அதே வரிசையில இன்னொண்ணு, எலுமிச்சைன்னு ஒரே வார்த்தைத் தலைப்பு. அமெரிக்காவுல கோளாறான காரை அப்படித்தான் சொல்வாங்க. படத்துல இருக்கிற கார் பார்க்க அப்பழுக்கு இல்லாம இருக்கும். கீழே படிச்சா, உள்ளே ஒரு சின்ன க்ரோம் பட்டையில குறை இருந்ததால பரிசோதகர் இந்தக் காரை விற்பனைக்கு விடலைன்னு எழுதியிருக்கும். குறையைச் சொல்லியே நம்பிக்கையைச் சம்பாதிச்சாங்க.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை 1990-ல நடந்தது. வரிசையா நிக்கிற கார்கள் மேல ஒரு ராட்சச டிரக் ஏறிப் போகும். எல்லாம் நசுங்கும், வால்வோ மட்டும் நிமிர்ந்து நிக்கும். விளம்பரம் அமெரிக்காவுல ஓடிச்சு. அப்புறம் பார்த்தா, வால்வோவுக்குள்ள மரமும் இரும்பும் முட்டுக் கொடுத்திருந்தாங்க, மற்ற கார்களோட தூண்களை அறுத்திருந்தாங்க. டெக்ஸஸ் மாகாண அரசு வழக்கறிஞர் கையில விஷயம் சிக்கி, வால்வோ விளம்பரத்தை வாபஸ் வாங்கிச்சு. அந்த விளம்பரக் கம்பெனி வால்வோ வேலையையே விட வேண்டியதாச்சு. இத்தனைக்கும் வால்வோ நிஜமாவே பாதுகாப்புக்குப் பேர் போன கார். உண்மையிலேயே இருந்த பெருமையை ஒரு பொய்யான காட்சி கெடுத்துடுச்சு.

"நாங்க என்ன விளம்பரமா எடுக்கப் போறோம்?"னு கேக்கலாம். காரை விக்கணும்னு நீங்க நாலு படம் எடுத்தா அதுவும் விளம்பரம்தானே. அந்தப் படத்தை நம்பி ஒருத்தர் லீவு போட்டு, பஸ் ஏறி, வெளியூர்ல இருந்து சேமிப்புப் பணத்தோட வருவார். பின்னணியைச் சுத்தமா வைங்க, நல்ல வெளிச்சத்துல எடுங்க, காரைக் கழுவுங்க, அதெல்லாம் மரியாதை. ஆனா கீறல் இருக்கிற பக்கத்தை விட்டுட்டு எடுக்கிறதும், போலரைசர் போட்டு ஒடுக்கை மறைக்கிறதும் வேற சங்கதி. நாலு மூலையில இருந்தும் ஒவ்வொரு படம், ஓடின கிலோமீட்டர், டயர், சீட்டு, எஞ்சின், அப்புறம் கீறல். கீறலை எடுக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து வரட்டும், அப்போதான் ஆழம் தெரியும். வர்றவர் ஏமாறாம இருந்தா பேரமும் சீக்கிரம் முடியும்.

கார் இல்லாத கார் படம்

2016-ல லண்டன்ல இருந்து வந்த தி மில் நிறுவனம் ப்ளாக்பேர்டுன்னு ஒரு வண்டியை அறிமுகம் பண்ணிச்சு. வண்டின்னா வெறும் சட்டமும் நாலு சக்கரமும் தான். நீளத்தையும் அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம், சக்கரத்தை மாத்தலாம். அதை ரோட்டுல ஓட்டிப் படம் எடுத்துட்டு, அப்புறம் கம்ப்யூட்டர்ல எந்தக் காரை வேணும்னாலும் அது மேல போர்த்திடலாம். விளம்பரத்துல மலைப்பாதையில பறக்கிற காரை நாம பார்த்து வாயைப் பிளக்கும்போது, அந்த மலைப்பாதைக்கு அந்தக் கார் போகவே இல்லாம இருக்கலாம்.

அந்தப் பளபளப்போட போட்டி போட நம்மால ஆகாது, தேவையும் இல்லை. நமக்கு வேற ஒரு முன்னோடி இருக்கார். ரகுபீர் சிங், ராஜஸ்தான்காரர், 1942-ல பிறந்தவர். இந்தியா முழுக்க அம்பாஸடர் கார்ல சுத்தி, அந்தக் காரையே ஜன்னலா வெச்சு கலர்ல படம் எடுத்தார். பாதி திறந்த கதவு, பக்கக் கண்ணாடியில ஒரு தெரு, முன் கண்ணாடி வழியா ஒரு கூட்டம். பளபளப்புக்கு எடுத்த படங்கள் இல்லை அவை. 1999-ல அவர் காலமானார், 'எ வே இன்டு இந்தியா'ங்கிற பேர்ல 2002-ல அந்தப் படங்கள் புத்தகமா வந்தது. அம்பாஸடர் தயாரிப்பு 2014-ல நின்னு போச்சு. டெட்ராய்ட்காரங்க வெள்ளைத் துணி கட்டி விரட்டின பிரதிபலிப்பை இவர் கூப்பிட்டு உள்ளே உக்கார வெச்சார். பிம்பம் வேணுமா வேண்டாமாங்கிறது நீங்க முடிவு பண்ற விஷயம், அதை முடிவு பண்ணாம அமுக்கறதுதான் தப்பு.

சரி, பதிவு ரொம்ப நீண்டு போச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு காரை, உங்களுதோ சித்தப்பாவோடதோ, ஏதாவது காலி மைதானத்துக்கு ஓட்டிட்டுப் போங்க. சூரியன் இறங்கறதுக்கு அரை மணி முன்னாடியே போயிடுங்க. ஒரு சுத்து நடங்க. பத்து மீட்டர் பின்னால போய் முட்டி போடுங்க. பத்து படம் போதும். அதுல ஒண்ணுல சக்கரம் சாய்ஞ்சோ, பாதி கார் வெளியே ஓடியோ இருந்தா உடனே அழிச்சுடாதீங்க. ஐம்பது வருஷம் கழிச்சு யாராவது கேட்டாலும் கேப்பாங்க!